இருபத்தோராம் விதி

1947 டிசம்பர். ஒரிசாவின் கட்டாக் நகரில் சிற்றரசர்களை வரவழைத்து, அவர்களுடைய சமஸ்தானங்களை மாகாணத்தோடு இணைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள் சர்தார் பட்டேலும் அவருடைய துறைச் செயலாளர் வி.பி.மேனனும். கையெழுத்திட்டவர்களில் பட்னா மகாராஜா ராஜேந்திர நாராயண் சிங் தேவும் ஒருவர். (பீகாரின் பாட்னாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது பொலாங்கீரைத் தலைநகராகக் கொண்ட ஒரிசா சமஸ்தானம்.) பதினைந்து வருஷம் கழித்துப் பார்த்தால், ராஜ்யத்தை வாங்கிய மேனனும் கொடுத்த சிங் தேவும் ஒரே கட்சியில் இருக்கிறார்கள்! அந்தக் கட்சியின் பொதுச் செயலாளர், ஒரு காலத்தில் சோவியத் ரஷ்யாவைப் பார்த்து வியந்த பழைய சோஷலிஸ்ட். தலைவர், வெங்கடகிரி ஜமீனை எதிர்த்து விவசாயிகளைத் திரட்டியவர். ஜமீன்தார்களுக்கும் அங்கே குறைவில்லை. இத்தனை பேருக்கும் ஒரே பந்தியில் இலை போட்டவர், எண்பது வயது ராஜாஜி.

சென்ற அத்தியாயத்தில் 1959 ஜனவரி நாகபுரி காங்கிரஸைப் பார்த்தோம். கூட்டுறவுக் கூட்டுப் பண்ணைதான் இனி இந்திய விவசாயத்தின் வழி என்று நேரு கொண்டுவந்த தீர்மானத்தை, உத்தரப் பிரதேசத்துச் சரண் சிங் மேடையேறி எதிர்த்தார். கூட்டம் அவருக்குக் கைதட்டியது. தட்டிய கைகளே தீர்மானத்துக்கும் உயர்ந்தன. சரண் சிங் காங்கிரஸிலேயே இருந்துவிட்டார். அவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருவார். குண்டூர்க்காரரான என்.ஜி.ரங்கா இருக்கவில்லை, வெளியேறினார். அந்த ஆண்டு ஜூன் 4ஆம் தேதி சென்னையில் புதுக் கட்சி அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் தொடக்கத்தில் பம்பாயில் மாநாடு கூட்டி முறைப்படி நிறுவினார்கள். பெயர், சுதந்திராக் கட்சி. சின்னம், நட்சத்திரம்.

கோட்டை கொத்தளம், பிரபுக்கள், ஜமீன்தார்கள் என்று மத்திய காலத்தைச் சேர்ந்த கட்சி இது என்பது நேருவின் கிண்டல். அந்தக் கிண்டல்தான் வரலாற்றிலும் நிலைத்துவிட்டது. முழுக்கப் பொய்யும் இல்லை. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால், உள்ளே நடந்த சுவாரஸ்யமான சண்டையைத் தவறவிடுவோம்.

‘கன்சர்வேடிவ்’ என்ற சொல்லுக்குத் தமிழில் இன்றைக்கும் சரியான சொல் அமையவில்லை. ‘பழமைவாதி’ என்றால் வசவு போல ஒலிக்கிறது. ஆங்கிலச் சொல்லின் வேரில் இருப்பது ‘காப்பது’ என்ற பொருள். சரி, எதைக் காப்பது? இந்தக் கேள்வியைச் சுதந்திராக் கட்சியின் தலைவர்களிடம் தனித்தனியே கேட்டிருந்தால் ஆளுக்கொரு பதில் வந்திருக்கும். யாரிடமிருந்து காப்பது என்றால் மட்டும் எல்லோரும் டெல்லிப் பக்கம் கைகாட்டியிருப்பார்கள்.

ராஜாஜியிலிருந்து தொடங்குவோம். ‘பெர்மிட் - லைசென்ஸ் - கோட்டா ராஜ்யம்’ என்று காங்கிரஸ் ஆட்சிக்குப் பெயர் சூட்டியவர் அவர். அந்தக் கோபம் 1959இல் திடீரென்று முளைத்ததில்லை. 1952இல் சென்னை மாகாண முதல்வராக வந்ததுமே உணவு தானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் எடுத்துவிட்டவர். பதுக்கல்காரன் கொழுப்பான், பஞ்சம் வரும் என்று பயமுறுத்தினார்கள். அரிசி கடைக்கு வந்தது. அதே ஆண்டில், அதே முதல்வர், தஞ்சாவூர் மிராசுதார்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டு, குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் பாதுகாக்க அவசரச் சட்டமும் போட்டார். நிலப்பிரபுக்களின் ஆள் என்று அவருக்கு முத்திரை குத்துகிறவர்கள் இந்த இரண்டாவது செய்தியைச் சொல்வதில்லை.

அவருடைய மனத்தில் இருந்த சொல் ‘தர்மம்’. மனிதனை ஒழுங்கில் நிறுத்துவது மனச்சாட்சி, குடும்பம், ஊர் வழக்கம். இந்த மூன்றையும் ஓரங்கட்டிவிட்டு அந்த இடத்தில் ஓர் இன்ஸ்பெக்டரை நிறுத்தினால், ஒழுக்கமும் போகும், இன்ஸ்பெக்டருக்கு மாமூலும் சேரும். ‘சுயராஜ்யா’விலும் ‘கல்கி’யிலும் வாரா வாரம் அவர் எழுதியதன் சாரம் இதுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1953இல் பள்ளிக்கூடத்தைப் பாதி நேரமாக்கி, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பார்த்துக் கற்கட்டும் என்று திட்டம் போட்டதும் இதே மனம்தான். குலக்கல்வி என்று பெரியார் பெயர் வைத்தார். மாகாணம் கொதித்தது. 1954இல் ராஜாஜியின் முதல்வர் பதவி போயிற்று. ஊர் வழக்கத்தின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கை, அந்த வழக்கத்தில் மிதிபட்டவனுக்கு இருக்க நியாயமில்லை. ரேஷனை எடுத்ததையும் பள்ளியைக் குறைத்ததையும் தனித்தனி ராஜாஜிகள் செய்ததாக நினைப்பது நம் வசதிக்காக மட்டுமே.

மினூ மசானிக்குத் தர்மம் என்ற சொல் வாயில் அவ்வளவாக ஒட்டாது. பம்பாய்ப் பார்சி. லண்டனில் படித்தவர். நாசிக் சிறையில் ஜெயப்பிரகாஷ் நாராயணோடு பேசிப் பேசி, 1934இல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிறகு ஸ்டாலின் தன் பழைய தோழர்களையே கூண்டில் ஏற்றிக் கொன்றதைப் படித்து வெறுத்து, சோஷலிஸத்தை மறுபரிசீலனை செய்து 1944இல் ஒரு சிறுநூல் எழுதினார். மதம் மாறியவனுக்குப் பக்தி அதிகம் என்பார்கள். மசானிக்குச் சந்தையின் மீதும் தனிமனிதன் மீதும் அப்படி ஒரு பக்தி வந்துவிட்டது. அவர் காக்க நினைத்தது எந்தப் பழமையையும் இல்லை. ஜாதி, சமஸ்தானம், சடங்கு எதுவும் அவருக்கு ஒரு பொருட்டாக இருந்ததில்லை. ‘பழமைவாதக் கட்சி’ என்று ஊர் சொன்ன கட்சியை நடத்திய பொதுச் செயலாளர், அந்த அறையிலேயே மிக நவீனமான மனிதர்.

தலைவர் நாற்காலியில் இருந்த ரங்கா இன்னொரு ரகம். நிடுபுரோலுவில் பிறந்து ஆக்ஸ்போர்டு வரை போய்த் திரும்பி வந்த விவசாயி மகன். அவர் காத்தது, சொந்த நிலத்தில் சொந்தக் கையால் உழுகிற குடும்பத்தை. ஜமீன்தார் அந்த நிலத்தைப் பிடுங்க வந்தபோது ஜமீனை எதிர்த்தார். கூட்டுப் பண்ணை என்று சர்க்கார் வந்தபோது சர்க்காரை எதிர்த்தார். நிலம் நகரவில்லை, பிடுங்க வந்தவர்தான் மாறினார் என்பது அவர் கணக்கு. ஆனால் விளைபொருளுக்குக் கட்டுப்படியாகும் விலையைச் சர்க்கார் உறுதிசெய்ய வேண்டும் என்றும் அவர் கேட்பார். விலையைச் சந்தை தீர்மானிக்கட்டும் என்கிற மசானியோடு இது எப்படிப் பொருந்தும்? பொருந்தவில்லை. பேசாமல் விட்டுவிட்டார்கள்.

நாலாவதாகக் கே.எம்.முன்ஷி. குஜராத்தி நாவலாசிரியர், பாரதிய வித்யா பவனை நிறுவியவர், சோமநாதர் ஆலயத்தை மீண்டும் எழுப்பியதில் முன்நின்றவர். ராஜாஜியின் மகாபாரதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டதும் அவருடைய பவன்தான். இருவருக்கும் இதிகாசங்களில் ஒற்றுமை உண்டு. அரசியலமைப்புச் சட்டத்தில் இந்தியை ஆட்சிமொழியாக்கிய சமரசத்துக்கு முன்ஷி - அய்யங்கார் சூத்திரம் என்றே பெயர். அந்த முன்ஷியும், இந்தியைத் தீவிரமாக எதிர்த்துக்கொண்டிருந்த ராஜாஜியும் ஒரே கட்சி. (1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிப் பெரியாரைச் சிறையில் அடைத்தது ராஜாஜி அரசுதானே என்று கேட்பீர்கள். ஆமாம். தமிழக அரசியலில் ராஜாஜி கடைசிவரை சுமந்த மூட்டைகளில் அதுவும் ஒன்று.)

இவர்களை எப்படிக் கட்டிவைத்தார்கள்? இருபத்தொரு அடிப்படைக் கொள்கைகள் எழுதினார்கள். ஒவ்வொரு வரியிலும் ஒவ்வொருவரின் கைரேகை தெரியும். தொழில் சுதந்திரம் உண்டு, அது மசானிக்கு. செல்வந்தர்கள் செல்வத்துக்குத் தர்மகர்த்தாக்களாக இருக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்தும் உண்டு, அது ராஜாஜிக்கு. உழுபவனின் நில உரிமை உண்டு, அது ரங்காவுக்கு. எல்லாவற்றையும்விடக் கெட்டிக்காரத்தனமானது கடைசி விதி. மேலே சொன்ன கொள்கைகளுக்குள் வராத எந்த விஷயத்திலும் உறுப்பினர்கள் தங்கள் விருப்பப்படி கருத்து வைத்துக்கொள்ளலாம் என்றது இருபத்தோராம் விதி.

கட்சிக் கட்டுப்பாடு என்ற பெயரில் எம்.பி.க்கள் பொம்மைகளாக உட்கார்ந்திருப்பதை இன்று பார்க்கிற நமக்கு இது பொறாமைப்படத்தக்க விதி. எனக்கும் அதன் மேல் ஒரு மயக்கம் உண்டு. ஆனால் எவையெல்லாம் ‘கொள்கைக்குள் வராத விஷயம்’ ஆயின என்று பார்த்தால் மயக்கம் கொஞ்சம் தெளியும். ஆட்சிமொழி வெளியே. மதுவிலக்கு வெளியே. 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜிக்கு அது உயிர்மூச்சு. தனிமனிதன் தன் வீட்டில் எதைக் குடிக்கிறான் என்பதில் சர்க்காருக்கு என்ன வேலை என்பது மசானியின் தத்துவத்துக்கு இயல்பான கேள்வி. காஷ்மீரிலும் கட்சிக்கு ஒரே குரல் இல்லை. 1964 மே மாதம் ஷேக் அப்துல்லா சென்னைக்கு வந்து ராஜாஜியைச் சந்தித்தார். பாகிஸ்தானோடு பேசித் தீர்க்க வேண்டும் என்ற ராஜாஜியின் நிலை வடக்கே கட்சிக்காரர்கள் பலருக்குக் கசந்தது. நாட்டின் மொழி, நாட்டின் எல்லை, குடிமகனின் குவளை என்று மக்கள் தினமும் வாதாடுகிற விஷயங்களில் எல்லாம் கட்சியாகச் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று.

இந்தக் கருத்து வேற்றுமைகளெல்லாம் மேல்மாடியில். கீழே, வாக்குச் சாவடியில், ஓட்டுக் கொண்டுவந்தவர்கள் வேறு ஆட்கள்.

1962 தேர்தல். ஜெய்ப்பூரில் மகாராணி காயத்ரி தேவி நின்றார். பதிவான 2,46,516 வாக்குகளில் அவருக்கு விழுந்தவை 1,92,909. உலக சாதனை என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அந்த வாக்காளர்களில் இருபத்தொரு கொள்கைகளில் ஒன்றையாவது படித்தவர் எத்தனை பேர்? அவர்கள் ராணியம்மாவுக்குப் போட்டார்கள். (மகாராணி எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போதே, மகாராஜா மான் சிங் ஸ்பெயினுக்கு இந்தியத் தூதராகப் போனார் என்பது இந்த நாடகத்தின் இடைவேளைக் காட்சி.) பீகாரில் ராம்கர் ராஜா காமாக்ய நாராயண் சிங் தம்முடைய சொந்தக் கட்சியைக் கொண்டுவந்து சேர்த்தார். தம்பி, உறவு என்று குடும்பமே தேர்தலில் நின்றது. சட்டசபையில் 50 இடம். ராஜாவுக்கும் தலைமைக்கும் ஒத்துவரவில்லை. சில ஆண்டுகளிலேயே அவர் போனார், அவரோடு கட்சியும் போயிற்று, பிறகு அவர் காங்கிரஸிலேயே சேர்ந்தார். கடையை வாடகைக்கு விட்டவன் காலிசெய்யச் சொன்னால் பெயர்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கவேண்டியதுதானே? ஒரிசாவில் மன்னர்களின் கணதந்திர பரிஷத் இணைந்தது. அங்கே உறவு உறுதியாக நின்றது. 1967இல் சிங் தேவ் கூட்டணி முதல்வராகவும் ஆனார்.

குஜராத் கதை சற்று வேறு. அங்கே வல்லப வித்யாநகரைக் கட்டியெழுப்பிய பாயிலால்பாய் பட்டேல், நிலமுள்ள பட்டேல்களையும் அவர்களோடு காலங்காலமாகப் பகை கொண்டிருந்த க்ஷத்திரியர்களையும் ஒரே அணியில் சேர்த்தார். இரண்டு பெயர்களின் முதலெழுத்துகளையும் சேர்த்து ‘பக்ஷ்’ என்றார்கள். 1962இல் 26ஆக இருந்த இடங்கள் 1967இல் 66 ஆயின. இங்கே மட்டும்தான் கட்சி, ராஜாக்களின் தயவில்லாமல் சமூகக் கணக்கில் வளர்ந்தது.

முதலாளிகளின் கட்சி என்றார்களே, பணம் கொட்டியிருக்குமே? அதுவும் இல்லை. காங்கிரஸுக்குக் கொடுப்பதுபோல் சுதந்திராவுக்கும் நன்கொடை கொடுக்கப் போகிறோம் என்று 1961இல் ஜே.ஆர்.டி.டாட்டா நேருவுக்கே கடிதம் எழுதிவிட்டுத்தான் கொடுத்தார். ஜி.டி.பிர்லா காங்கிரஸைவிட்டு அசையவில்லை, மற்றவர்களையும் அசைய வேண்டாம் என்றார். லைசென்ஸ் ராஜ்யத்தை ஒழிக்கப் புறப்பட்ட கட்சிக்கு, லைசென்ஸ் போய்விடுமே என்ற பயத்தில் தொழிலதிபர்கள் காசு கொடுக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். 1962இல் சென்னை மாகாணத்தில் கட்சிக்குக் கிடைத்தது 6 இடம். அதில் ஒன்று காரைக்குடி, வென்றவர் கம்பன் கழகத்தை நிறுவிய சா.கணேசன். ராஜாக்கள் இல்லாத இடத்தில் கட்சி எப்படி இருக்கும் என்பதற்கு அவர் நல்ல உதாரணம். பழைய காங்கிரஸ் தொண்டர், தமிழறிஞர், ராஜாஜி பக்தர். இந்த வகை மனிதர்களை வைத்துக் காமராஜரின் காங்கிரஸை வீழ்த்த முடியாது என்பது ராஜாஜிக்குத் தெரியும். வீழ்த்தக்கூடியவர் அண்ணா ஒருவர்தான். 1963இல் தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது, 1965இல் இந்தி எதிர்ப்புப் போர் வெடித்தது, பாதை திறந்தது. 1967இல் கூட்டணி. ஒரு கையால் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உதயசூரியனில் முத்திரை குத்துங்கள் என்று பிராமணர்களிடம் அவர் சொன்னதாக இன்றும் திண்ணைகளில் சொல்வார்கள். தி.மு.க. 137, சுதந்திரா 20.

இந்த வெற்றியில் ஒரு வேடிக்கை உண்டு. மக்களிடம் எடுபட்ட பெரிய வாக்குறுதி, ரூபாய்க்கு மூன்று படி அரிசி. 1952இல் ரேஷனை ஒழித்துப் பேர் வாங்கியவர், 1967இல் சர்க்கார் மலிவு விலையில் அரிசி போடும் என்ற வாக்குறுதிக்குத் தோள்கொடுத்தார். தேர்தலில் ஜெயித்தது மசானியின் சந்தையும் இல்லை, ராஜாஜியின் தர்மமும் இல்லை. தேனிலவு முடிந்துவிட்டது என்று ராஜாஜி சொல்ல அதிக நாள் ஆகவில்லை. 1971 தேர்தலில் எந்தக் காமராஜரை வீழ்த்தினாரோ அவரோடே கைகோத்தார், தோற்றார். அதே ஆண்டு மதுவிலக்கு தளர்ந்தது. தொண்ணூற்றிரண்டு வயதில், கொட்டும் மழையில், கோபாலபுரத்துக்குப் போய் முதல்வர் கருணாநிதியிடம் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். அந்த மழையில் அவர் போனது கட்சிக்காக இல்லை. மதுவிலக்குத்தான் இருபத்தோராம் விதிக்கு வெளியே நின்ற விஷயமாயிற்றே.

டெல்லிக்குத் திரும்பினால், 1967இல் கட்சிக்கு மக்களவையில் 44 இடம், எதிர்க்கட்சிகளில் முதலிடம். அடுத்த நான்கு ஆண்டுகளில் அத்தனையும் கரைந்தது. 1969 ஜூலையில் இந்திரா காந்தி பதினான்கு வங்கிகளை நாட்டுடைமையாக்கினார். எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர் சுதந்திராக் கட்சியைச் சேர்ந்த ஆர்.சி.கூப்பர். வாதாடியவர் நானி பால்கிவாலா. வழக்கில் வென்றார்கள். மன்னர்களின் அங்கீகாரத்தையும் மானியத்தையும் ரத்துசெய்த உத்தரவும் 1970 டிசம்பரில் நீதிமன்றத்தில் தோற்றது. மசானியின் தரப்புக்கு ஒரு வெற்றி, மகாராஜாக்களுக்கு ஒரு வெற்றி. இந்திராவுக்கு வேண்டியது அதுதான். வங்கி முதலாளியும் மகாராஜாவும் நீதிபதியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஏழையின் வழியை மறிக்கிறார்கள் என்ற சித்திரம் தானாகவே வரைந்துகொண்டது. பத்து வருஷமாக நேருவும் காங்கிரஸ்காரர்களும் மேடை மேடையாகச் சொல்லிப் புரியவைக்க முயன்றதை இரண்டு தீர்ப்புகள் புரியவைத்துவிட்டன. ‘வறுமையை ஒழிப்போம்’ என்று அவர் 1971இல் தேர்தலுக்குப் போனார். சுதந்திராவுக்குக் கிடைத்தவை 8 இடங்கள். ராஜ்கோட்டில் மசானி தோற்றுத் தலைமையிலிருந்து விலகினார். ஜெய்ப்பூரில் காயத்ரி தேவி மூன்றாம் முறையாக வென்றார். தத்துவம் வீழ்ந்தது, ராணியம்மா நின்றார்.

1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி காலமானார். பந்திக்கு இலை போட்டவர் போனபின் யார் யாரோடு உட்காருவது என்ற கேள்வி வந்துவிட்டது. முன்ஷி அதற்கு முந்தைய ஆண்டே மறைந்திருந்தார். மிஞ்சியவர்களைத் திரட்டிக்கொண்டு, கோத்ரா எம்.பி.யான பிலூ மோடி 1974 ஆகஸ்டில் கட்சியைப் புதிதாகத் தோன்றிய பாரதிய லோக் தளத்தில் கொண்டுபோய் இணைத்தார். பம்பாயில் சிலர் ஒப்புக்கொள்ளவில்லை, பெயர்ப் பலகையை விடமாட்டோம் என்று பிடித்துக்கொண்டார்கள்.

லோக் தளத்தின் தலைவர் யார் தெரியுமா? நாகபுரி மேடையில் கூட்டுப் பண்ணையை எதிர்த்துக் கைதட்டல் வாங்கிவிட்டுக் காங்கிரஸிலேயே இருந்துவிட்ட அதே சரண் சிங். அவரும் 1967இல் காங்கிரஸைவிட்டு வெளியேறியிருந்தார். உழுபவனின் சொந்த நிலத்துக்காக அன்று அவரைவிட வேகமாக வெளியேறிய ரங்கா மட்டும் அந்தப் புதுக் கட்சியில் இல்லை. அவர் அதற்குள் காங்கிரஸுக்குத் திரும்பிப் போயிருந்தார்.

(தொடரும்)